மண்ணை மேய்க்கிறவர்

ஆடு வளர்ப்பவர்கள் ஓர் இனம். ஆடு வளர்ப்பதை வீடியோவில் பார்ப்பவர்கள் இன்னோர் இனம். இரண்டாவதுதான் பெருகுகிறது, அதற்குப் புல் வேண்டாம், நெட் போதும்.

அதற்கு நல்ல மாதிரி சுடலைக்கண்ணன். திங்கள் முதல் சனி வரை தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பார். ஞாயிறு விடிந்தால் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, உடன்குடியில் மனைவி இந்துமதிக்குப் பிறந்த வீடு கொடுத்த இரண்டு ஏக்கர் செம்மண்ணில் இறங்கி, ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து, கண்ணை மூடி, "உயிர் இருக்கு" என்பார். மண் ஒன்றும் சொல்லாது.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியாயிற்று. கொழுக்கட்டைப்புல் விதையும் தூவியாயிற்று. இனி ஆடு மிதித்தால் விதை உள்ளே இறங்கும், புழுக்கை எருவாகும், ஐப்பசி மழைக்கு மேய்ச்சல் நிலம் தயார். நிலத்தை எட்டுச் சதுரமாக்கி வலை கட்டி, சதுரத்துக்கு மூன்று நாள் என்று அட்டவணை எழுதி, ஆடு மேய்க்கும் மாசானத்தின் வெள்ளாடுகளை அதில் அடைத்துக் கிடை போட வரவழைத்தார். கூடவே தீவனமாகச் சீமைக்கருவேல நெத்து, அதாவது முற்றிக் காய்ந்த காய், பத்து மூட்டை. மரம்தான் எதிரியாம், நெத்து புரதமாம்.

மாசானம் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, நெத்தை இடிச்சுப் போடுங்க. முழுசாத் தின்னா புழுக்கையில வெதை அப்படியே வந்துரும்."

"நீரு ஆட்ட மேய்க்கீரு. நான் மண்ண மேய்க்கேன்."

மாசானம் மூட்டையை அவிழ்த்து, நெத்தை முழுசாகவே கொட்டினார்.

வீறாப்பு வெளியேதான், உள்ளே அவருக்கு ஒரே பயம். "இந்த மழைக்குப் புல்லு வரலைன்னா நெலத்த அண்ணன்கிட்ட விட்டுருவேன், அவன் முருங்கை போடட்டும்" என்று இந்துமதி கறாராகச் சொல்லியிருந்தாள்.

மழை பெய்தது. பச்சையும் வந்தது. சுடலைக்கண்ணன் தூரத்தில் நின்று படம் எடுத்து நான்கு குரூப்பில் போட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். இந்துமதி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, புல்லுக்கு முள்ளு உண்டா?"

எட்டுச் சதுரத்திலும், அட்டவணை பிசகாமல், சீமைக்கருவேலங்கன்று. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அது நிஜமான அழுகை.

அடுத்த ஞாயிறு மைத்துனர் தங்கப்பாண்டி முருங்கைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் தொப்பி தெரிந்தது.

"மச்சான், குழி ஆழம் பத்தாது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முருங்கைக்குக் குழி எத்தனை அடி என்று இந்நேரம் உங்கள் மனதில் ஒரு பதில் தயாராகிவிட்டதே, நீங்கள் கடைசியாக மண்வெட்டி பிடித்தது எப்போது?