டவுன்லோட் நானாவும் ஒன்பது துண்டுகளும்

கட்டுகஸ்தோட்டையில் கம்ப்யூட்டரை அதட்டி வேலை வாங்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் டவுன்லோட் நானாதான். அவர் முறைத்தால் போதும், படுத்துக்கிடந்த மெஷின் எழும்பி உட்காரும். பாலத்துக்குப் பக்கத்தில் நெட் கஃபே வைத்திருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

செருப்போடு உள்ளே போகக் கூடாது. தும்மல் வந்தால் ரோட்டுக்குப் போய்த் தும்ம வேண்டும். "மெஷினுக்குத் தடிமன் புடிச்சா நீங்களா மருந்து குடுப்பீங்க?" என்பார். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஆனாலும் யாருக்கும் பணிந்து நின்றவள் இல்லை. அந்தக் கடை வாசலில் மட்டும் சொல்லாமலே செருப்பைக் கழற்றுவேன்.

சண்டைக் காலம் அது. கொழும்பில் வேலை பார்த்த என் மகனைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் கொழும்பில் ஏதோ ஓரிடத்தில் நின்றான் என்பதுதான் குற்றமாம். அந்த நாள் முழுக்க அவன் இங்கே, என் தங்கச்சி மகள் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான். வீடியோவில் இருக்கிறது, மூலையில் தேதியும் நேரமும் இருக்கிறது.

"விடிஞ்சதிலருந்து ராத்திரி வரைக்கும் அவன் வர்ற எடமெல்லாம் வேணும். ரெண்டு மணிக்குள்ள அனுப்பிருங்க" என்றார், மகனுக்காகக் கோர்ட்டில் பேசவிருந்த கொழும்பு லோயர், போனில். அப்போதே மணி பத்தரை. சீடியோடு பஸ் ஏறினால், செக்பொயின்ட் செக்பொயின்ட்டாக இறங்கி ஏறி, போய்ச்சேரப் பொழுது போய்விடும். சீடியை எடுத்துக்கொண்டு நானா கடைக்கு ஓடினேன்.

"இதுக்கா அக்கா மொகத்த இப்பிடி வெச்சிக்கிட்டு ஈக்கிறீங்க?" என்றார் நானா; அவர் வாயில் 'இருக்கு' எப்போதும் 'ஈக்கு'தான். என் மகன் வரும் இடங்களை மட்டும் வெட்டி எடுத்தார். பெரிய பெரிய வீடியோவை ஏற்றிவிட்டால் அந்தப் பக்கத்து ஆள் இறக்கிக்கொள்ளும் வலைத்தளம் ஒன்று இருந்தது. ஊரே அதைத்தான் நம்பியிருந்தது. திறந்தார். வெறும் பக்கம்தான் வந்தது.

"என்னாங்க நானா?"

"மூடிட்டானுகள் அக்கா. நேத்து வரைக்கும் ஈந்திச்சி."

வேறு தளம் பார்த்தார். அது பேங்க் கார்டு கேட்டது. இன்னொன்று பாதி ஏற்றி, மீதியைத் துப்பியது. கடைசியில் வீடியோவை ஒன்பது துண்டாக்கி ஈமெயிலில் விட்டார். மூன்று போனது. ஒரே ஆள் இவ்வளவு பாரம் அனுப்புகிறாரே என்று ஈமெயில் கம்பெனி அவருடைய ஈமெயிலையே முடக்கிவிட்டது.

நானா எழுந்து கடை நடுவில் நின்றார். "எல்லாரும் கேளுங்கோ. இந்த அக்காட மகன் உள்ளுக்கு ஈக்கிறான். ஆறு துண்டு மிச்சம். ஆளுக்கு ஒண்டு உங்கட ஈமெயில்லேந்து அனுப்பணும். அதுல உங்கட பேர் ஈக்கும். பயம் உள்ளவங்க செருப்பப் போட்டுக்கிட்டுப் போகலாம்."

ஒருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலம் அப்படி. மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். ஒரு சிங்கள நர்ஸ் பிள்ளை, போனவருடைய துண்டையும் தனக்கே தரும்படி கையை நீட்டியது.

ஒன்றேகாலுக்கு லோயர் போன் பண்ணினார். "எட்டுத் துண்டு வந்திருச்சு. மத்தியான நேரம் வர்ற துண்டு இல்ல, அதுதான் முக்கியம். அதுக்குப் பதிலா ஒரு பொண்ணோட சாதகம் வந்திருக்கு. செவ்வாய் தோஷம் வேற. இத வெச்சு நான் கோர்ட்டில என்ன செய்றது?"

மூலையில் இருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் தலையில் கை வைத்தார். மகளின் சாதகத்தை லண்டன் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வந்தவர் அவர். "பிழை விட்டிட்டன் தம்பி. சாம்பார் லண்டனுக்குப் போயிட்டுது."

"மாஸ்டர், இப்ப மாப்புள வீட்டுக்காரங்க சோத்தோட காத்துக்கிட்டு ஈப்பாங்க. வெலகுங்கோ" என்று நானா அவர் கதிரையில் தானே உட்கார்ந்து அந்தத் துண்டை அனுப்பினார். அது போய்ச்சேர்ந்ததாக லோயர் சொன்னபோது மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

மறுநாள் மகன் விடுதலையாகி வந்து இறங்கினான். வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குக் கூட்டிப் போனேன். நானா அவனைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஒம்பது துண்டும் சரியாத்தான் சேந்திருக்கு அக்கா" என்றார்.

சொல்லிவிட்டு, தும்மல் வருகிற மாதிரி ரோட்டுப் பக்கம் போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.