ஐந்தாவது 'இன்னாத்துக்கு?'

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை இவனைவிட அதிகமாகக் கேள்வி கேட்டவன் பிறக்கவில்லை. எங்கள் கார் சீட் தொழிற்சாலையில், தரப் பிரிவில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன்; ஊர் செய்யூர் பக்கம். 'ஏன்' என்பதற்கு அவன் சொல்லும் 'இன்னாத்துக்கு'தான் பட்டப்பெயர்; அதைச் சொன்னால்தான் வாட்ச்மேனுக்கே ஆள் தெரியும். ஒரு கோளாறின் வேரைப் பிடிக்க ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் பரீட்சைக்குப் படித்து மறந்தோம். அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று பெண் சொன்னதும், "இன்னாத்துக்கு?" என்று ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது கேள்வியில் பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துப்போய்விட்டார்கள்.

தொழிற்சாலையில் அப்போது இரண்டு கட்சி. வீண் வேலையை வெட்டித் தள்ளு என்பது லீன் கட்சி. எதையும் அளந்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரச் செய் என்பது சிக்ஸ் சிக்மா கட்சி. இரண்டாவதற்கு நான்தான் தலைவன், அதில் பிளாக் பெல்ட் என்ற மேல்நிலைச் சான்றிதழ் வாங்கியவன். அடுத்த தர மேலாளர் நான்தான் என்று மனைவியிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

கேன்டீன் டீயில் இரு கட்சிக்கும் போட்டி வந்தது. லீன்காரர்கள் வரிசையைச் சுருக்கினார்கள். டீ ஒரு நாள் பாயசம், மறுநாள் வெந்நீர். நான் பாலையும் தூளையும் கரண்டியால் அளந்து போட வைத்தேன். டீ அமிர்தம், வரிசைதான் மெயின் கேட்டைத் தாண்டியது. நம்மாள் நேரே டீ மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றான்.

"சர்க்கரை இன்னாத்துக்கு அந்தாண்ட கீது?"

"எப்பவும் அங்கதாம்பா கீது."

"இன்னாத்துக்கு?"

"தோ பாரு, பேஜார் பண்ணாத."

ஐந்தாவது கேள்விக்குள் சர்க்கரை டப்பா அடுப்புப் பக்கம் வந்துவிட்டது. முதலில் வீண் நடையை வெட்டினான். மிச்சத்தை என் கரண்டியாலேயே அளந்தான். வரிசையும் சுருங்கியது, டீயும் அமிர்தமாகவே இருந்தது. அதே வித்தையை சீட் தைக்கும் லைனிலும் காட்டினான். பிரித்துத் தைப்பது குறைந்தது, கைநழுவ இருந்த ஆர்டர் தங்கியது, மேலாளர் நாற்காலி அவனுக்குப் போனது.

பதவி கிடைத்ததற்கு மாமல்லபுரத்தில் மீன் விருந்து வைத்தான். நான் போகவில்லை. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், இன்னாத்துக்கு வரல?"

"தலைவலி."

"இன்னாத்துக்கு?"

"தூங்கல."

"இன்னாத்துக்கு?"

"உன்னியே நெனச்சிகினு கெடந்தேன்."

"இன்னாத்துக்கு?"

"நான் குந்த வேண்டிய சேருடா அது."

"அதுக்கு இன்னாத்துக்கு தூங்காம கெடக்குற?"

"ரெண்டு கட்சியையும் சேக்கலாம்னு எனக்குத் தோணல, உனக்குத் தோணிச்சி. பொறாமைடா."

மெஷினில் கோளாறு அகப்பட்டதுபோல் தலையாட்டினான். பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தான். வறுத்த வஞ்சிரம்.

"நேத்தே உனுக்கு எடுத்து வச்சேன். துன்னு."

இப்போது அவன் புனேயில் இதைவிடப் பெரிய பதவியில் இருக்கிறான். அதற்கும் எனக்குப் பொறாமைதான். அவன் விட்டுப்போன நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் முகம் வாடியிருந்தால், "ஏன் சார்?" என்று எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். தலைவலி என்கிறேன். சரி சார் என்று போய்விடுகிறார்கள்.