பொறுங்க சாரும் நாலு டிஸ்கும்

ஓசூர் தொழிற்பேட்டையிலேயே ஓடத் தெரியாத ஒரே மனிதர் பொறுங்க சார்தான். தீயணைப்புப் பயிற்சிக்குச் சங்கு ஊதியபோதுகூட கணினியை முறையாக அணைத்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வெளியே வந்தார். அதற்குள் பயிற்சி முடிந்து நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் கம்பெனியின் கணினிகள் அவர் பொறுப்பு. எதைக் கேட்டாலும் முதல் பதில் "பொறுங்க சார்". மனிதர்களிடம் தமிழ், போனில் மனைவியிடம் தெலுங்கு, மெஷினிடம் மட்டும் கன்னடம் பேசுவார்.

"ஏன் கன்னடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெங்களூர்ல வாங்கினது சார். அதுக்குப் புரிய வேணாமா?"

டிசைன் பிரிவில் நான் சூப்பர்வைசர். அதாவது, மற்றவர்கள் வரைவதைப் பார்த்துத் தலையாட்டுகிறவன். அந்த வருடம் ஆயுத பூஜை காலையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. எல்லார் கணினிக்கும் பொதுவான லினக்ஸ் சர்வருக்கும் பெட்டி மேல் ஒரு பொட்டு வைத்திருந்தால் போதும். எனக்குப் பக்தி அதிகம். உள்ளே இழுப்பறை மாதிரி நான்கு டிஸ்க். கம்பெனி செய்கிற இரும்பு அச்சுகளின் அத்தனை வரைபடங்களும் அவற்றில்தான். நகல் எடுத்து வைக்கும் பேக்கப் டிஸ்க் பழுதாகி, புதிது வாங்கத்தான் பொறுங்க சார் முந்தின நாள் சாயங்காலம் பெங்களூர் போயிருந்தார்.

'சர்வரை அணைக்கக் கூடாது' என்பது அவர் கட்டளை. நான் அணைக்கவில்லை. ஓடும்போதே முதல் டிஸ்கை உருவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பச் செருகினேன். இரண்டாவதை உருவியதும் ஹாலில் இருந்த அத்தனை திரைகளும் உறைந்தன.

மூன்று மணிக்கு வாடிக்கையாளர் கம்பெனி ஆட்கள் வரைபடங்களைப் பார்க்க வருகிறார்கள். வரைபடம் இல்லையென்றால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் அதற்கு முன்னால் நான் போவேன்.

இணையத்தில் தேடி ஒரு கட்டளை பிடித்தேன். டைப் அடித்து, என்டர் மேல் விரல் வைத்தேன்.

"பொறுங்க சார்."

வாசலில் அவர், கையில் புது டிஸ்க் பை.

"இதுல கிரியேட்னு இருக்கு பாத்தீங்களா? புதுசா கட்டச் சொல்றீங்க. இருக்கறத அழிச்சிட்டு எழுதிட்டா, நீங்க வேற வேலை பாத்துக்கலாம். நானும்தான்."

விரலை எடுத்தேன்.

"என்ன பண்ணீங்க? வரிசையா சொல்லுங்க. முதல்ல உருவுனது எது?"

சந்தனம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காததுதான் பயமாக இருந்தது. ஒரு டிஸ்க் போனால் மற்ற மூன்றும் சமாளிக்குமாம். இரண்டு போனால் கடையை மூடிவிடுமாம். முதலில் உருவியது, திரும்பச் செருகினாலும் பின்தங்கியதுதான். இரண்டாவது கடைசி நொடிவரை கூடவே எழுதியிருக்கும். ஒவ்வொரு டிஸ்கும் கடைசியாக எப்போது எழுதியது என்று தனக்குள்ளேயே எண்ணாகக் குறித்து வைத்திருக்குமாம்; அந்த எண்களைப் படித்துப் பார்த்தார். சரியாக அப்படியே இருந்தது.

"முதல்ல உருவுன இவனை ஒதுக்கிட்டு மத்த மூணு பேரை வெச்சு எழுப்பலாம்."

"அப்ப எழுப்புங்க."

"பொறுங்க சார். முதல்ல மூணையும் இந்தப் புது டிஸ்க்ல நகல் எடுக்கணும். நகல்லதான் கை வெப்பேன். நாலு மணி நேரம் ஆவும்."

மணி பத்தரை. நகல் ஓடியது. "நிதானா, நிதானா" என்று டிஸ்கிடம் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு முதலாளி எட்டிப் பார்த்தார்.

"கஸ்டமர் ஆளுங்க பார்டர்ல அத்திப்பள்ளி வந்துட்டாங்களாம். என்னாங்க இன்னும் அப்படியே இருக்குது?"

அந்தப் பெங்களூர் ரோட்டு டிராபிக்கைத் தினமும் திட்டுகிற நான், ஒரு லாரியாவது குறுக்கே நிற்காதா என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டே முக்காலுக்கு நகல் முடிந்தது. அவர் கட்டளையைத் தாளில் எழுதி, இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, அதன் பிறகு டைப் அடித்தார். மூன்று நகலும் சேர்ந்து எழுந்தன. எதையும் எழுதாமல் படிக்க மட்டும் திறந்தார். முதல் வரைபடம் கோடு கோடாகத் திரையில் வந்தது. நான் ஓடிப்போய் முதலாளியைக் கூட்டி வந்தேன்.

"யார் பண்ண வேலை இது?" என்றார் முதலாளி.

"ரெண்டு டிஸ்க் கழண்டுகிச்சு சார். இப்ப சரியாயிடுச்சு" என்றார் பொறுங்க சார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். வண்டி ஸ்டாண்டில் பொறுங்க சார் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"லீவு முடிஞ்சதும் முதலாளிகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க சார். பொய்யெல்லாம் நான் பேக்கப் எடுக்கறதில்ல."

போய்ச் சொன்னேன். முதலாளி சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது. வேலை மட்டும் தப்பியது. முக்கால் மணி நேரம் கழித்து முதலாளி அறைக் கதவைத் திறந்தால், வெளியே இரண்டு டீ கிளாஸுடன் பொறுங்க சார் நின்றிருந்தார். ஆறிப்போய் இரண்டிலும் பாலாடை படிந்திருந்தது.