வரிசையில் நின்ற கிரகங்கள்

2000 ஏப்ரல் கடைசி ஞாயிறு, பகல் பதினொன்றரை மணி. டெக்சஸில், கேட்டி நகரத்துச் சமுதாயக் கூடத்தில் உட்கார இடமில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி ஒய்2கே கோளாறில் கம்ப்யூட்டர்கள் உலகத்தை அழிக்காமல் ஏமாற்றிவிட்டன. நம்மவர்கள் விடுவார்களா? வேறோர் அழிவை வரவழைத்திருந்தார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை கிரகங்கள் ஒரே வரிசையில் நிற்குமாம். பூமி தடுமாறுமாம். சொன்னவர் ஜம்புநாதன். பட்டு ஜிப்பா, கையில் லேசர் பாயிண்டர். ஜோசியர் என்றால் கோபித்துக்கொள்வார். காஸ்மிக் சயன்டிஸ்ட் என்றுதான் அழைக்க வேண்டும்.

கலாவதிக்கு ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அதே வெள்ளியன்று ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டாள். கணவன் சபரிநாதன் ஜம்புநாதனைக் கேட்டான். அடுத்த வாரம் வைத்துக்கொள் என்றார் அவர். நல்ல நேரம் பார்த்துக் கத்தி வைக்கிற கூட்டமல்லவா?

மேடையில் நான்கு கால் பொருத்திய ஒரு மரப்பலகை, சுற்றிலும் பட்டுத்துணி. பலகை மேல் ஓர் இரும்புக்குண்டு. அது பூமி. கலர் மணிகள் கிரகங்கள். ஜம்புநாதன் மணிகளை வரிசையாக வைத்தார். குண்டு கிடுகிடுவென்று அவற்றை நோக்கி உருண்டது. எம்.எஸ். படித்த கூட்டம் வாயைப் பிளந்தது.

"பாத்தியா கலா? கிராவிட்டி! ப்யூர் சயன்ஸ்!" என்றான் சபரிநாதன்.

கலாவதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்த எலுமிச்சைச் சாதத்திலிருந்து ஒரு கடுகைப் பொறுக்கினாள். மேடைக்குப் போனாள்.

"அங்கிள், இந்தக் கடுகு பூமின்னா, சூரியன் ஃபுட்பால் சைஸ். அதோ, அந்தக் கடைசிச் சுவர்கிட்ட நிக்கும். வியாழன் ஒரு நெல்லிக்காய். பார்க்கிங் லாட்டையும் தாண்டிக் கிடக்கும். அந்த நெல்லிக்காயா இந்தக் கடுகை உருட்டப் போகுது?"

ஒருவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

"சின்னதா காட்டினாத்தானே ஜனங்களுக்குப் புரியும், மேடம்?" என்றார் ஜம்புநாதன்.

"காட்டுங்க. தூரத்தையும் அதே அளவுக்குச் சின்னதாக்கிக் காட்டுங்க. சரி, அது போகட்டும். உங்க குண்டை இன்னொரு தடவை உருட்டுங்க."

கைதட்டலுக்குப் பழகியவர். உருட்டினார். குண்டு பாதி வழியில் இருக்கும்போதே கலாவதி மணிகளை வாரிக்கொண்டாள். பலகையில் ஒரு கிரகம்கூட இல்லை. குண்டு மட்டும் கடமை தவறாமல் போய்ச் சேர்ந்தது.

பட்டுத்துணியைத் தூக்கினாள். பலகைக்கு அடியில் காஸ்மிக் சயன்டிஸ்டின் இடது கை. கையில் காந்தம்.

கூட்டம் ஜம்புநாதனைச் சூழ்ந்துகொண்டது. ஏமாந்தவர்களுக்கு வருகிற கோபம் அறிவைவிட எப்போதும் சுறுசுறுப்பானது. சபரிநாதன் மட்டும் மனைவியின் பக்கம் வந்து நின்றான்.

"அந்தாளு ஃப்ராடுதான் கலா. ஆனாலும் எதுக்கும் ஒரு வாரம் தள்ளிப் போட்டா சேஃப்தானே?"

"ஆபீஸ்ல ரெண்டு வரி ப்ரோக்ராம் மாத்தினாக்கூட நாள் பூரா டெஸ்ட் பண்றீங்களே, நம்ம குழந்தை உசிர் விஷயத்துல ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாக்கத் தோணலையா உங்களுக்கு?"