சலூன் நாற்காலி வைத்த கார்

கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து ஒரு காரை அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டிய தையல்காரர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் புதுப்பட்டினம் பஜாரில் கடை வைத்திருக்கும் ஆல்டர் பாய். சொந்தப் பெயர் என்ன என்று தெருவில் யாருக்கும் தெரியாது. பெரிய சட்டையைச் சின்னதாக்குவார், சின்னதைப் பெரியதாக்குவார். அவர் கைக்குப் போன எந்தப் பொருளும் போன மாதிரியே திரும்பி வந்ததில்லை.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அதை வாங்கியதே அவர் மனைவிக்காகத்தான். பாயம்மா என்று நாங்கள் கூப்பிடும் அவருக்கு முட்டிவலி, பஸ் படி ஏற முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பாய் அவரை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். காரைவிட்டு இறங்கக்கூட மாட்டார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று வாங்கி, சுண்டல் தின்று திரும்புவார்கள். வாரம் முழுக்கப் பாயம்மா காத்திருப்பது அதற்காகத்தான். ஆனால் அந்தத் தாழ்வான சீட்டில் காலை மடக்கி உட்காருவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

பாய் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் தெருவே கொஞ்சம் உஷாராகிவிடும். எதிர்ச் சலூனில் பழைய சுழல் நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது. காரின் முன் சீட்டைக் கழற்றிச் சலூன்காரரிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியைக் கொண்டுவந்து காரில் முடுக்கினார். கதவுப் பக்கம் திருப்பி வைத்தால் பாயம்மா காலை மடக்காமல் உட்காரலாம், பிறகு முன்பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

முதல் வெள்ளிக்கிழமையே ஈசிஆர் வளைவில் நாற்காலியின் பூட்டு விட்டுக்கொண்டது. பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவரை நேருக்கு நேர் பார்த்தபடி பாயம்மா மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தார்.

“எப்பிடி இருந்திச்சி பாயம்மா?” என்று கேட்டேன்.

“போற எடம் ஒண்ணும் தெரியல. வந்த எடமெல்லாம் நல்லா தெரிஞ்சிது.”

பாய் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினார். அடுத்த தொல்லை அதன் உயரம். ஒவ்வொரு பள்ளத்திலும் பாயம்மாவின் தலை கூரையில் இடித்தது. வேறு யாராக இருந்தாலும் நாற்காலியைத் தாழ்த்தியிருப்பார்கள். பாய் கூரையை வெட்டினார்.

“சட்ட கழுத்து டைட்டா இருந்தா இன்னா பண்ணுவோம்? கழுத்தத்தான வெட்டுவோம்?”

வெட்டிய இடத்துக்கு ரெக்சினில் மூடி தைத்து, பட்டனும் காஜாவும் வைத்தார். ஐப்பசி மழையில் பட்டன் நின்றது, ரெக்சின் நின்றது, தண்ணீர் மட்டும் நிற்காமல் உள்ளே வந்தது. அது இறங்கிப் போகத் தரையில் ஓர் ஓட்டை போட்டார். அதன் வழியாக ரோட்டு மணல் மேலே வந்தது.

“துணியின்னா உள்ள கொஞ்சம் வுட்டு தைப்போம், தப்பானா பிரிச்சிக்கலாம். இரும்புல அந்த வசதி கெடையாது நைனா,” என்று அன்றைக்குத்தான் பாய் முதன்முறையாக வருத்தப்பட்டார்.

கூரையை வெட்டியபோது அங்கே இருந்த சின்ன விளக்கு கையோடு வந்துவிட்டது. அது மின்வெட்டுக் காலம். நானோ கல்லூரிக் கணக்கு அரியரை மூன்றாவது தடவையாக எழுதவிருந்தேன். விளக்கை ஒரு பழைய பேட்டரியோடு கொண்டுவந்து, “இத்த வெச்சினு படி,” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் காருக்குப் பதினைந்து வயது முடிந்தது. செங்கல்பட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்றால்தான் மறுபடி ரோட்டில் ஓட்டலாம். சலூன் நாற்காலியும் ரெக்சின் கூரையுமாகப் போய் நின்றால், அங்கிருந்து நேராகக் காயலான் கடைக்குத்தான். பாயம்மா சண்டை போடவில்லை. “கடலு எங்க பூடப் போவுது,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பாய்க்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாளே எல்லாவற்றையும் பிரிக்க ஆரம்பித்தார். டிங்கர் ஒருவர் கூரையையும் தரையையும் தகடு வைத்து அடைத்தார். சலூன்காரர்தான் சீட்டைத் தர மாட்டேன் என்றார். அது வந்ததிலிருந்து முடிவெட்ட வருகிறவர்களைவிட அதில் சாய்ந்து தூங்க வருகிறவர்கள் அதிகமாம்.

“சீட்டு பூட்டா எங்கடைக்கு எவன் வருவான் பாய்?”

பதிலுக்கு ஒரு மெத்தை தைத்துத் தருவதாகச் சொல்லிப் பாய் சீட்டை மீட்டார். அந்த மெத்தைக்குத் துணி எடுக்கும்போது, மேசையில் அடுக்கியிருந்த சாட்டின் துணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கீழே விழுந்தன. பாய் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு வட்டமான திண்டுகளைச் சாட்டினில் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் மட்டும் சேர்த்துத் தையல் போட்டுக் கார் சீட்டின்மேல் வைத்தார். பாயம்மா வெளியே கால் வைத்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்தார். மேல் திண்டு வழுக்கி அவரை அப்படியே முன்பக்கம் திருப்பிவிட்டது. இரும்பில் செய்த அத்தனை தப்பையும் பாய் துணியில் திருத்திவிட்டார்.

செங்கல்பட்டுக்கு நானும் போனேன், விளக்கைப் பையில் வைத்துக்கொண்டு. மாட்டிவிடலாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். “பரிச்ச முடியட்டும்,” என்று ஒரே பிடியாக நின்றார். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், ஹாரனை அடித்தார், கடைசியில் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“உள்ள லைட் எங்க?”

“அது படிச்சிகினு கீது சார்,” என்றார் பாய்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பாயம்மா திண்டோடு திரும்பி என்னைக் கை காட்டினார்.

“இவன் பாஸானதும் மாட்டிடறோம் சார்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “எத்தனாவது தடவ எழுதற?”

“மூணாவது சார்.”

“அப்ப லைட் வர நாளாவும்,” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எப்படியோ பாஸாகிவிட்டேன். இப்போது சிறுசேரியில் வேலை. அந்தக் கார் இன்னும் வெள்ளிக்கிழமைதோறும் மாமல்லபுரம் போய்வருகிறது. பொழுது சாய்ந்ததும் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் காருக்குள் தடவிப் பார்த்துவிட்டு, பாயம்மா எனக்குப் போன் போடுவார்.

“லைட்ட எப்பதாண்டா குடுப்ப?”

பக்கத்திலிருந்து பாயின் குரல் கேட்கும். “அவன ஒண்ணும் கேக்காத. இன்னும் படிச்சிகினு கீறான்.”

அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் விளக்கைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.