ரெண்டு டோக்கன், மனைவிக்குப் பார்த்த வைத்தியம்

டாக்டரிடம் போய் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்த மனிதர் விழுப்புரத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. வியாதி அவர் மனைவிக்கு. அந்த அம்மாள் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன என்பதுதான் சங்கடம்.

நான் சொல்வது நயா பைசா வந்த புதிது. கடைக்காரர்கள் அணாவில் விலை சொல்லி நயா பைசாவில் சில்லறை கொடுத்து, வாங்குபவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஆண்டைப் பற்றி எனக்குக் குழப்பமில்லை. மாதம் மார்கழி. எனக்கு இளைப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ஊசி.

ஸ்டேஷன் பக்கத்து டாக்டரிடம் விடியற்காலையிலேயே டோக்கன் வாங்கியாக வேண்டும். கம்பவுண்டர் ஜன்னலைத் திறந்து, எண் அடித்த தகர வில்லைகளை நீட்டுவார். காணையிலிருந்தும் கெடாரிலிருந்தும் முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தோடு முண்டியடிப்பார்கள். மருந்துக்குச் சீசாவை அவரவரே கொண்டுவர வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் எப்போதும் இரண்டு டோக்கன் வாங்குவார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். அழுந்த வாரிய தலை, கையில் பளபளவென்று கழுவிய சீசா. அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. கம்பவுண்டர் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ‘ரெண்டு டோக்கன்’தான்.

“எதுக்குங்க ரெண்டு?” என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

“மொத டோக்கன்ல வியாதிய சொல்றதுங்க. வெளிய வந்து செருப்ப மாட்டும்போதுதான் சொல்லாம வுட்டது ஞாபகத்துக்கு வரும். ரெண்டாவது டோக்கன் அதுக்கு. உங்களுக்கு அப்டி ஆனதில்ல?”

ஆகியிருக்கிறது. யாருக்குத்தான் ஆகவில்லை?

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் ஒத்திகையும் நடத்துவார். கெடார்க்காரர் ஒருவர் வயிற்றுவலியைச் சொல்ல ஆரம்பித்து, பங்காளியின் வரப்புத் தகராறுக்குப் போய்விட்டார்.

“யோவ், வரப்புக்கு ஊசி போடுவாரா டாக்டரு? எங்க வலிக்குது, எப்போலேர்ந்து, இன்னா துன்னா ஜாஸ்தியாவுது, அத மட்டும் சொல்லு. மறுபடி மொதல்லேர்ந்து!”

“பேஜாருய்யா உன்னோட” என்று முனகிக்கொண்டே அவரும் மறுபடி சொல்வார்.

“உங்க வீட்ல யாருக்கு உடம்பு?” என்று கேட்டேன்.

“வீட்லதான்,” என்று தன் இடது பக்கம் கையைக் காட்டினார். எங்கள் பக்கத்தில் மனைவியை அப்படித்தான் சொல்வார்கள். நான் எட்டிப் பார்த்தேன். அங்கே கம்பவுண்டரின் சைக்கிள் சாத்தியிருந்தது.

அவர் முறை வந்தது. அடுத்த டோக்கன் என்னுடையது என்பதால் அரைக்கதவுக்கு அருகே நின்றிருந்தேன். உள்ளே அவர் குரல், மண்டியில் எடை கூவுகிற அதே ராகத்தில் கேட்டது.

“தலவலிங்க. கண்ணு முன்னால பூச்சி பூச்சியா பறக்குதாங்க. காலு வீங்கி மெட்டி ஏற மாட்டேங்குதுங்க. காலையில மூஞ்சியும் உப்பிக்கினு இருக்குதுங்க. ஏழு மாசங்க.”

“நாக்கை நீட்டும்மா,” என்றார் டாக்டர். பிறகு “ம்” என்றார்.

கதவு திறந்தது. ரெண்டு டோக்கன் மட்டும் வெளியே வந்தார். வந்தவர் கதவை உடனே விடவில்லை. பின்னால் இன்னொருவர் வந்துவிடட்டும் என்பதுபோல் பிடித்துக்கொண்டே நின்று, பிறகு விட்டார். நான் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். மார்கழிக் குளிரில் அது சூடாக இருந்தது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊசி முடிந்ததும் கம்பவுண்டரைப் பிடித்தேன்.

“அந்தப் பொண்ணு இதே முக்காலிலதான் சார் உக்காந்துது. டாக்டரப் பார்த்த பயத்துல, லேசா தலவலின்னு மட்டும் சொல்லிச்சு. இவரு வெளிய நின்னுகினு இருந்தாரு. மாத்திரை குடுத்து அனுப்பிட்டோம். மறு வெள்ளிக்கிழம இவரு மட்டும் வந்தாரு. மீதிய சொல்ல வந்திருக்கேன்னாரு.”

“டாக்டர் என்ன செய்தார்?”

“இன்னா செய்வாரு? உக்காரச் சொன்னாரு. அன்னியிலேர்ந்து வந்துகினே இருக்காரு.”

சீசாவில் கம்பவுண்டர் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைத்தான் ஊற்றுவாராம். அடுத்த வாரம் அது காலியாக வரும். மனுஷனே குடிக்கிறானா, கீழே ஊற்றுகிறானா என்று பார்த்துவிட, ஒரு தடவை சொல்லாமல் கொஞ்சம் கொயினாவைக் கலந்து அனுப்பினார். மறுவாரம் ரெண்டு டோக்கன் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார்.

“கம்பவுண்டரே, இந்த வாட்டி மருந்து கசக்குதுன்னு சொல்றா. இன்னா போட்டீங்க?”

அதற்குப் பிறகு கம்பவுண்டர் அந்தச் சீசாவை வெறுங்கையால் தொடுவதில்லை.

அடுத்த தை மாதத்தில், சீமந்தம் முடிந்து திண்டிவனத்தில் தாய் வீட்டில் இருந்த என் மனைவியைப் பார்க்கப் போயிருந்தேன். காபியை வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள்.

“பூச்சி பறக்கறாப்பல இருக்குதுங்க.”

“சூடுதான் மாப்ள,” என்றார் மாமியார். “வெந்தயம் ஊற வெச்சிக் குடுத்துக்கினு வர்றேன்.”

நான் அவள் கால்களைப் பார்த்தேன். மெட்டி இல்லை. கழற்றி சாமி மாடத்தில் வைத்திருந்தார்கள். அந்த அறையில் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. மல்லாட்டை மண்டி ராகம் மட்டும் கேட்டது.

மாமியார் தடுக்கத் தடுக்க, குதிரை வண்டி பிடித்து லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

“என்னம்மா?” என்றார் அவர்.

“லேசா தலவலிங்க,” என்றாள் என் மனைவி. அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

லேடி டாக்டர் மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் மீதியைச் சொன்னேன். என் குரலில் சொல்லவில்லை. பூச்சி, மெட்டி, காலையில் உப்பும் முகம், ஏழு மாசம், எல்லாம் அதே வரிசையில், ஒவ்வொரு ‘ங்க’வும் அதே இடத்தில் விழுந்தது. அவர் பேனாவை மூடினார். ரத்த அழுத்தம் பார்த்தார். அன்றே அங்கேயே படுக்க வைத்தார்.

“கோர்வையா சொன்னீங்க. யார் சொல்லிக் கொடுத்தது?”

“விழுப்புரத்துல ஒரு அம்மாங்க,” என்று என்னை அறியாமல் வந்துவிட்டது.

மாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அவசரப்பட்டுப் பிறந்தது, சின்னஞ்சிறியது, ஆனால் ஊரையே எழுப்புகிற அழுகை. விஷயம் கம்பவுண்டர் வாய்வழியே மண்டிக்குப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை ரெண்டு டோக்கன் திண்டிவனத்தில் மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்று விழுப்புரத்தில் அவர் டோக்கன் வாங்கவில்லை.

“அந்த ஆள உள்ள வுடாதீங்க மாப்ள,” என்று மாமியார் என் காதைக் கடித்தார். “கூட இன்னாத்த கூட்டிக்கினு வந்திருக்கானோ! பச்ச ஒடம்புக்காரி இருக்கற வூடு.”

அவர் உள்ளே வரவுமில்லை, குழந்தையைக் கேட்கவுமில்லை. “லேடி டாக்டரு இன்னா சொன்னாங்க?” என்றார்.

உப்பைச் சுத்தமாக நிறுத்தியது, வெளிச்சம் குறைத்த அறையில் படுக்க வைத்தது, தினமும் அழுத்தம் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிந்ததும் இடது பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்கினியா? உப்பு ஆவாதாம். எந்திரிக்காம படுத்துக்கினே இருக்கணுமாம். நமக்கு யாரும் சொல்லல புள்ள. இவங்க கொழந்த பொழச்சிக்கிச்சாம்.”

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அவரை ஒதுக்கிக்கொண்டு என் மனைவி, குழந்தையோடு மெதுவாக வாசலுக்கு வந்தாள். குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள். ரெண்டு டோக்கனிடம் காட்டவில்லை. அவருக்கு இடது பக்கம், தன் தோள் உயரத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள்.

“நல்லா பாருங்கக்கா,” என்றாள்.