மான்தொடைக்கு எந்த ஒயின் என்று சம்பந்திக்கு

சான்-வெர்னி, பர்கண்டி
நவம்பர் 3, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய சம்பந்தி திரு. காஸ்தோன் லபார்த் அவர்களுக்கு,

லூசிலின் தகப்பன் ஃபிர்மின் கொர்தியே எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி ஓடில், மகள் லூசில் மூவரும் உடல் அளவில் நலம். அங்கே போர்தோவில் நீங்களும் உங்கள் மனைவியாரும் மாப்பிள்ளை பாஸ்தியெனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களை நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதம் என்று எழுதினால் விசாரித்துத்தான் ஆக வேண்டும், எனவே விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டில் நடந்ததற்கு உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று லூசில் சொல்கிறாள். கேட்கப் போவதில்லை. வருகிற 22ஆம் தேதி கல்யாண விருந்தில் மான்கறி ரோஸ்டுக்கு எந்தச் சிவப்பு ஒயின் ஊற்றுவது என்று இரண்டு அப்பன்மாரும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவுக்கு வராவிட்டால், கல்யாணத்தை உங்கள் ஊருக்கு மாற்றி, வாத்துக்கறி போட்டு, என்னைக் கூப்பிடாமலே நடத்திவிடுவாளாம். "என் கையப் பிடிச்சு, கல்யாணம் பண்ணிவைக்கிற மேயர் முன்னாடி கூட்டிட்டுப் போறதுக்கு அம்மாவே போதும்ப்பா" என்றாள். எனக்கு ஒரே மகள். என் நாற்பதாவது வயதில் பிறந்தவள். இதைச் சொன்னபோது அவள் அழவில்லை, கத்தவில்லை, ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள், தோல் ஒரே சுருளாக அறுபடாமல் வந்தது. அதைப் பார்த்துத்தான் இது வெறும் மிரட்டல் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் பினோ திராட்சை ஒயினையே ஊற்றலாம், எனக்குச் சம்மதம் என்று அவளுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். விட்டுக்கொடுக்க வேண்டியது நீங்கள்தான் என்பதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒயினைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் நாற்பத்து மூன்று வருடமாக, ஒவ்வொரு ஞாயிறும் என்ன சாப்பிட்டோம், அதோடு என்ன குடித்தோம், குடித்தபின் நாக்கு எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மான்கறி மட்டும் நூற்றுப் பதினெட்டு தடவை வருகிறது. அதிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மான் ஓடித் திரிகிற பிராணி, அதன் தொடையில் கொழுப்பு என்பதே கிடையாது. உங்கள் ஊர் ஒயினில் இருக்கிற துவர்ப்பு கொழுப்பைத் தேடும். அது கிடைக்காவிட்டால் சாப்பிடுகிறவன் கன்னத்தை உள்பக்கமாகப் பிடித்து இழுக்கும். எங்கள் பினோ அப்படி இல்லை. கறி பேசும்போது அது கேட்டுக்கொண்டிருக்கும், கறி பேசி முடித்ததும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லும். இதை அன்றைக்கே மேஜையில் வைத்து உங்களிடம் எடுத்துச் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சம்பந்தி, உங்க ஒயின் நல்லாத்தான் இருக்கு. ஜுரம் வந்தவங்களுக்குக் குடுக்கலாம்" என்றீர்கள். உங்கள் மனைவியார் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். அவளை அன்று மாலையே தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அதிலிருந்து அவள்தான் என்னோடு பேசாமல் இருக்கிறாள்.

சரி, ஜுரப் பேச்சை விடுவோம். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பன்னிரண்டு புட்டி உள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள், விருந்துக்கு வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது என்பதால் அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதில் இரண்டு புட்டியை எடுத்து எங்கள் அடுப்பின் பக்கத்தில் வைத்து, "சளி புடிச்சிருக்கும், பாவம், வழியெல்லாம் ஒரே குளிரு" என்று தடவிக்கொடுத்தீர்கள், எங்கள் வீட்டில் பூனைக்குட்டியைக்கூட யாரும் அப்படித் தடவியதில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன். நான் என்ன வைத்திருந்தேன்? லூசில் பிறந்த வருடத்து ஒயின், என் கொடியில் காய்த்து நானே புட்டியில் அடைத்தது, அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்வரை திறப்பதில்லை என்று முப்பத்தொரு வருடம் நிலவறையில் படுக்கப்போட்டிருந்த கடைசிப் புட்டி. காலையிலேயே அதைக் கொண்டுவந்து மண்டி அடியில் தங்கட்டும் என்று நிலவறைப் படிக்கட்டில் மூன்றாவது படியில் நிமிர்த்தி வைத்து, அந்தப் படியில் கால் வைக்காதே என்று ஓடிலிடம் நாலு தடவை சொல்லியிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தக்கையை எடுத்து, ஆளுக்கு அரைக் கிளாஸ் என்று ஊற்றி, ஒருவரும் தொடாதீர்கள், மான்கறி வரட்டும் என்றும் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். ஓடில் முதலில் வெங்காயத்தாள் சூப் கொண்டுவந்தாள். எல்லோரும் குடித்தோம். நீங்கள் மட்டும் கிண்ணத்தில் இரண்டு கரண்டி சூப்பை மிச்சம் வைத்துவிட்டு, என் முப்பத்தொரு வருடத்தை எடுத்து அதில் கவிழ்த்தீர்கள்.

கவிழ்த்து, கிண்ணத்தை ஒரு சுழற்று சுழற்றி, இரண்டு கையாலும் தூக்கிக் கடகடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"என்ன பண்றீங்க சம்பந்தி?" என்று கேட்டேன்.

"சூப்புல ஒயின் ஊத்திக் குடிச்சேன். எங்க ஊரு வழக்கம்."

"அது என்ன ஒயின்னு தெரியுமா?"

"சூப்புல எல்லாம் ஒண்ணுதான் சம்பந்தி. நீங்களும் கொஞ்சம் ஊத்திப் பாருங்க, வயித்துக்கு நல்லது."

பாஸ்தியென் இடையில் புகுந்து, "மாமா, அப்பா வெளியாளுங்க வீட்டுல இப்படிச் செய்ய மாட்டாரு. சொந்தம்னு ஆனாத்தான் செய்வாரு. உங்களுக்குப் பண்ற மரியாதை" என்றான். இந்த மரியாதையை நான் எழுதிக் கேட்டேனா?

அடுத்து மான்தொடை வந்தது. நான் கத்தியை எடுப்பதற்குள் அடுப்போரத்துப் புட்டியைத் திறந்து, என்னைக் கேட்காமல், என் மேஜையில், என் கிளாஸ்களில், விளிம்புவரை ஊற்றினீர்கள். அதற்குமேல் நான் செய்ததைத்தான் ஊரெல்லாம் பேசுகிறார்கள். ஒரு கையில் மான்தொடைத் தட்டும் மறு கையில் என் பினோ கிளாஸுமாக நிலவறைக்குள் போனது உண்மை. கதவைச் சாத்தியதும் உண்மை. தாழ்ப்பாள் தானாக விழுந்தது. நான் உள்ளே உட்கார்ந்து தின்றேன் என்று சொல்லித் திரிகிறார்களே, அது பொய். ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து, என் கிளாஸில் மிச்சமிருந்ததோடு வைத்துப் பார்த்தேன், நோட்டில் எழுத வேண்டுமே என்று. நூற்றுப் பத்தொன்பதாவது தடவை. நான் சொன்னதுதான் சரி.

லூசில் கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அப்பா, கறியக் குடு."

"அவரு ஒயின மேஜையிலேர்ந்து எடுத்தாரா?"

"எடுக்கல. எல்லாரும் சீஸ் சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

"எதோட?"

"அவரு ஒயினோட" என்றாள்.

"அம்மாவுமா?"

"அம்மா ரெண்டாவது கிளாஸ்ல இருக்கா. நீ வெளிய வரியா இல்லையா?"

"வரல."

"சரி, இரு. குளிரா இருந்தா சாக்கப் போத்திக்கோ."

இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கிளம்பும்போது கதவருகில் வந்து, "சம்பந்தி, போயிட்டு வரோம், சூப் பிரமாதம்" என்று சத்தமாகச் சொன்னதும் காதில் விழுந்தது. மான்கறியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் ஊர் வேட்டைச் சங்கத் தலைவர் மார்சோ, கல்யாணத்துக்கு மூன்று மான் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மான் எங்கள் காட்டு மான். அந்தக் காட்டின் ஓரத்தில்தான் என் திராட்சைக் கொடி. கொழுந்தை அது வருடா வருடம் மேய்ந்துவிட்டுப் போகிறது. வாழ்நாளெல்லாம் எங்கள் பினோவைத் தின்று வளர்ந்த மானை, செத்தபிறகு போர்தோ ஒயினோடு கொண்டுபோய் உட்காரவைப்பது என்ன நியாயம்? இதற்கு மட்டும் எனக்குப் பதில் எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் லூசிலுக்கு அந்த இரண்டு வரியை எழுதுங்கள். நான் இறங்கி வருவேன் என்று காத்திருக்க வேண்டாம். எழுபத்தொரு வருடத்தில் நான் இறங்கி வந்ததில்லை. என் மகள் கையை நான் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், என் விருந்தில் என் ஒயின் ஊற்ற வேண்டும், இரண்டும் நடக்க வேண்டும், இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் என்னிடம் வரக்கூடாது.

உங்கள் மனைவியாருக்கு என் வணக்கம். பாஸ்தியெனுக்கு என் ஆசி. அன்று அவன் இரண்டு ஒயினையும் ஒரே கிளாஸில் கலந்து குடித்ததை நான் பார்த்தேன். அதை மன்னிக்கவில்லை, ஆனால் ஆசி ஆசிதான். உங்கள் கொடிகளைப் பனி தாக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கருத்தில் மாற்றமில்லாத
ஃபிர்மின் கொர்தியே

பி.கு. (நவம்பர் 9, ஞாயிறு): தபால்தலை தேடியதில் கடிதம் ஒரு வாரம் இங்கேயே கிடந்துவிட்டது. இதற்குள் ஒன்று நடந்துவிட்டது. மான் ஒன்றைச் சுட்டால் அங்கேயே அதன் காலில் ஓர் அனுமதி வளையம் மாட்ட வேண்டும் என்பதும், வளையம் தீர்ந்தால் மான் தீர்ந்தது என்பதும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மார்சோ கையில் மூன்று வளையம் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுக் காட்டில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் மூன்றும் போன வருடத்து வளையம், செல்லாது. மான் மூன்றும் எதிரே நின்று இவரைப் பார்த்துவிட்டு நடந்தே போயினவாம். வளையம் தேவைப்படாத காட்டுப்பன்றி மட்டும் இரண்டு விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றும் நூறு கிலோ, கொழுப்பு நாலு விரல் கனம்.

செய்தி கேட்டு லூசில், "பன்னிக்கு எந்த ஒயின்ப்பா?" என்று கேட்டாள். அடுப்பில் ஒரு விறகை எடுத்துப் போட்டேன். ஓடில் பின்னாலிருந்து, "சொல்லேன், நோட்டுல இருக்குமே" என்றாள், இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நோட்டில் இருக்கிறது. பன்றிக்கு முன்னால் எங்கள் பினோ நிற்காது. நாற்பத்து மூன்று வருடமாக நானே எழுதி வைத்ததை நானே அடிக்க முடியாது. எனவே அறுபது புட்டி கொண்டுவாருங்கள், உங்கள் ஒயின்தான். நல்லதாகக் கொண்டுவாருங்கள். கல்யாணம் இங்கேயேதான், கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போவதும் நான்தான். மேலே எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. ஐந்து பக்கம் எழுதிவிட்டுக் கிழிக்கும் வழக்கம் எனக்கில்லை என்பதால் அப்படியே அனுப்புகிறேன். மான் விவகாரம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கு மான்தான், இப்போதே முடிவு செய்துவிட்டேன். ரொம்ப வருடம் காத்திருக்க எனக்கு வயதில்லை, பாஸ்தியெனிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் லூசில் சண்டைக்கு வருவாள்.